வீட்டுச் சாடியும் கடைப் புட்டியும்

ஆண்டு விழா மலரில் மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். குடியைப் போற்றும் நோக்கம் எனக்கு இல்லை. நம் காலனியில் இரு வேறு கூற்றுகளை அடிக்கடி கேட்கிறோம். மது வெள்ளையன் கொண்டுவந்த கேடு என்றும், நம் முன்னோர் அதனைத் தொட்டதே இல்லை என்றும் பெரியவர்கள் சொல்வர். சங்கப் புலவர்களே குடித்திருக்க, நாங்கள் குடித்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்பர். இரண்டும் அரை உண்மைகளே. முழு உண்மையை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி கூறும் நூல் அது. வழியில் வலைஞர் குடியில் என்ன விருந்து கிடைக்கும் என்று சொல்லுமிடத்து, அவ்வீட்டார் மது ஆக்கும் முறையையே புலவர் படிப்படியாக விளக்குகிறார். தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற தட்டில் அதனை ஊற்றி ஆறவிடுகின்றனர். முளைவிட்ட நெல்லை இடித்து அதனோடு கலக்கின்றனர் என்பது பழைய உரை. இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலிய வாயையுடைய சாடியில் முற்றியதை விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அளிக்கின்றனர். 1889இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்ததனால் இச்செய்தி நமக்குக் கிட்டியது. அதே நூலில், வீட்டில் நெல்லால் ஆக்கிய மதுவிற்குத் ‘தோப்பி’ என்ற பெயரும் வழங்குகிறது.

இம்முறையில் அடங்கிய அறிவு சிறிதன்று. அரிசியின் மாவுப்பொருள் தானாக மதுவாகாது. முதலில் அது சர்க்கரையாக வேண்டும். அவ்வேலையை முளைநெல் செய்கிறது. பிறகு காற்றிலும் கலத்திலும் உள்ள நுண்ணுயிர் அச்சர்க்கரையை உண்டு மதுவாக்குகிறது. நொதித்தல் உயிர்ப்பொருளின் வேலை என்பதை பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் மெய்ப்பித்தது 1850களில்தான். காரணம் அறியாமலே செய்முறையை நம் வலைஞர் குடியினர் அறிந்திருந்தனர். இன்றும் நம் இல்லத்தரசியர் இரவில் அரைத்து வைக்கும் இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும் இக்கலையின் கிளையே அன்றோ!

அக்காலத்திலேயே விலையுயர்ந்த மதுவும் இருந்தது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தரப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. ஆக, அரசனுக்குக் கப்பலில் வந்த தேறல். ஏழைக்கு வீட்டு அரிசியில் விளைந்த தோப்பி.

அப்படியாயின் குடி நம் பண்பாடு என்று கொள்ளலாமா? கூடாது. அதே தமிழ் மண்ணில்தான் திருவள்ளுவர் பொருட்பாலில் ‘கள்ளுண்ணாமை’ என்று ஓர் அதிகாரத்தை வைத்தார். அதன் இடத்தைப் பாருங்கள்: வரைவின் மகளிருக்குப் பின், சூதுக்கு முன். பெற்ற தாயின் முன்னும் குடிகாரனின் களிப்பு வெறுக்கத்தக்கது என்று அவர் கூறுவது, குடும்பங்களின் கண்ணீரைக் கண்டவரின் சொல். சங்கப் பாட்டை எடுத்துக்காட்டும் இளைஞர் குறளையும் எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

இனி வெள்ளையர் காலத்திற்கு வருவோம். அவர்கள் மதுவைக் கொண்டுவரவில்லை. அதற்கு வரி கொண்டுவந்தனர். பம்பாயில் 1878லும் சென்னையில் 1886லும் ஆப்காரிச் சட்டங்கள் பிறந்தன. கள் இறக்கும் மரத்திற்கு வரி, விற்கும் கடைக்கு ஏலம், வீட்டில் ஆக்கினால் குற்றம் என்றாயிற்று. நம் அம்பர்நாத் அடங்கிய தாணா மாவட்டமே இதற்குச் சான்று. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்பது நம் பழமொழி. இங்குள்ள மலைவாழ் மக்கள் அந்த இலுப்பை இனத்து மோஹாப் பூவைச் சேர்த்து உண்டும் மதுவாக்கியும் வந்தனர். தாணா, கொலாபா மாவட்டங்களில் அப்பூவை வைத்திருப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்த 1892இல் தனிச் சட்டமே செய்தனர். மக்கள் தாமே ஆக்கியதை விட்டு, உரணில் இருந்த சாராய ஆலைகளின் சரக்கை வரியோடு வாங்க வேண்டியதாயிற்று.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். நொதித்தலில் மது சுமார் 15 விழுக்காட்டை எட்டும்போது, அதனை ஆக்கும் நுண்ணுயிரே பெரும்பாலும் மடிந்துவிடும். இயற்கை இட்ட எல்லை அது. காய்ச்சி வடித்தால் அவ்வெல்லை இல்லை. இன்று கடைப் புட்டியில் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். சாடியிலிருந்து புட்டிக்கு வந்ததில் கலம் மட்டுமா மாறியது? அளவும் மாறிற்று, ஆக்கியவனும் குடிப்பவனும் ஒருவரையொருவர் அறியாதவர் ஆயினர்.

இக்கேட்டை எதிர்த்து நம் முன்னோர் போராடியதும் வரலாறே. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலுக்குப் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். பெரியார் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டச் செய்தார். 1937 அக்டோபரில் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். பின்னர் மதுவிலக்குத் தளர்ந்து கடைகள் மீண்டன. விற்பனை வரியோ நிலைத்துவிட்டது! இன்று தமிழ்நாட்டில் அரசு நிறுவனமே கடை நடத்தி வடித்த மதுவை விற்கிறது, பனங்கள்ளுக்கோ தடை.

பம்பாய் மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் மதுவிலக்கு வந்தது. நோக்கம் உயர்ந்தது, ஆயினும் தாராவி போன்ற பகுதிகளில் இருட்டில் சாராயம் காய்ச்சப்பட்டது. காய்ச்சியவருள்ளும் குடித்தவருள்ளும் நம்மவர் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஊரில் நிலமின்றி, இங்கு வேலையின்றி வந்தவர்க்கு அதுவும் ஒரு பிழைப்பாயிற்று. கள்ளச் சரக்கின் கொடுமை இன்னும் ஓயவில்லை. 2015இல் மும்பை மால்வணியில் 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு இடத்திலும் நஞ்சு மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் எரிபொருள் போன்ற திரவம். உடலில் அது அமிலமாக மாறிக் கண்ணை முதலிற் கெடுக்கும். பின் உயிரைக் கொள்ளும்.

நான் பள்ளியிற் பயின்ற நாளில் எங்கள் வரிசை வீடுகளில் ஒருவர் சம்பள நாளன்று எங்கோ குடித்துவிட்டு வந்து படுத்தார், எழவில்லை. மறுநாள் அவர் வீட்டில் கூடிய பெண்டிர், முதல் நாள் அரைத்து வைத்த மாவு பொங்கி வழிந்து தரையில் ஓடுவதைக் கண்டனர். துடைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அக்காட்சிதான் இத்தனை ஆண்டுகட்குப் பின் இதனை எழுதத் தூண்டியது.

வீட்டிலேயே மது ஆக்குவோம் என்று நான் சொல்லவில்லை. உரிமம் இன்றி ஆக்குதல் இங்குக் குற்றம். அன்றைய வீட்டுச் சாடிக்குச் சுற்றிலும் கண்கள் இருந்தன. எவ்வளவு ஆக்கியது, யார் எவ்வளவு குடித்தது என்பதை வீடு முழுவதும் அறியும். இன்றைய குடி வீட்டார் அறியாமல் நடக்கிறது. அறிந்தபோது காலம் கடந்துவிடுகிறது. சாடி திரும்ப வேண்டுவதில்லை. அந்தக் கண்கள் திரும்ப வேண்டும். வெட்கத்தால் மறைக்காமல் குடும்பத்தில் இதனைப் பேசுவோம். வழி தவறியவரை ஏசி ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நம் பிள்ளைகளுக்குத் தோப்பியின் கதையையும் வள்ளுவரின் வாக்கையும் சேர்த்தே சொல்லுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!