தொழிலாளர் மாலை வகுப்புகளும் ஆங்கில இலக்கியமும்

ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்ட வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் ஒக்ஸ்போர்ட்டையும் கேம்பிரிட்ஜையுமே தேடிச் செல்வர். அங்கே அவர்களுக்கு ஏமாற்றமே காத்திருக்கும். ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியத்துக்கெனத் தனித்துறை அமைந்தது 1894 இலேதான். கேம்பிரிட்ஜில் அதற்குரிய சிறப்புப் பரீட்சை ஏற்பட்டது 1917 இல். கிரேக்கமும் இலத்தீனுமே கனவான்களுக்குரிய கல்வி என்றும், தாய்மொழி நூல்களைப் படிப்பதற்கு ஆசான் ஒருவன் எதற்கு என்றும் அங்கிருந்த பண்டிதர் பலர் கருதினர். ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1854 இல் லண்டனில் தோன்றிய தொழிலாளர் கல்லூரியில், கைவினைஞரும் எழுதுவினைஞரும் பகல் வேலை முடிந்து வந்து, களைத்த கண்களோடு ஆங்கில இலக்கியம் பயின்றுகொண்டிருந்தனர்.

மேலே மதிப்புப் பெறாத பாடம் கீழே வேரூன்றிய காரணம் என்ன? கேட்டவர்கள் கருதியது ஒன்று. கொடுக்க முன்வந்தோர் கருதியது வேறொன்று. 1848 ஏப்ரலில் சாசன இயக்கத்தவர் லண்டன் கெனிங்டன் வெளியிலே திரண்டபோது சொத்துடையோர் நடுநடுங்கினர். ஐரோப்பாவெங்கும் முடிகள் ஆடிக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த நடுக்கத்தின் பின்விளைவாகவே எவ். டி. மோரிஸ் முதலானோரின் கிறிஸ்தவ சோஷலிசம் தோன்றியது. அதன் பிள்ளையே மேற்கூறிய கல்லூரி. மோரிஸ் போலியல்லர். தமது சமயக் கருத்துக்களுக்காக 1853 இல் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பதவியை இழந்தவர். ஆயினும் வர்க்கங்களை ஒன்றோடொன்று இணக்குவதே அவர் நோக்கம். ஒரு நாட்டின் கவிகளை இரு சாராரும் படித்தால் இரு சாராரும் ஒரே குடும்பத்தவர் ஆகிவிடுவர் என்பது அக்காலத்து நல்லெண்ணக்காரர் பலரின் நம்பிக்கை. ஆலை முதலாளி கூலியைக் குறைக்கும்போது அக்குடும்பப் பாசம் எங்கே போய்விடுகிறது என்பதை அவர்கள் விளக்கினாரில்லை.

1873 முதல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை வெளியூர்களுக்கு விரிவுரையாளரை அனுப்பத் தொடங்கியது. ஆனால் அவ்விரிவுரைகளுக்கு வந்து அமர்ந்தோர் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினரே. சிறப்பாக, சர்வகலாசாலை வாயில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள். தொழிலாளியின் நிலையைத் தோமஸ் ஹார்டி 1895 இல் வெளிவந்த தம் நாவலொன்றிற் காட்டினார். கல்லூரி மதில்களைச் செப்பனிடும் கற்தச்சன் ஜூட் அந்த மதிலுக்குள் மாணவனாகப் புக முடியாமலே மாண்டு போகிறான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1899 இல், தொழிலாளருக்கென ஒக்ஸ்போர்ட் நகரிலேயே ரஸ்கின் மண்டபம் திறக்கப்பட்டது. 1903 இல், தச்சரொருவரின் மகனும் கூட்டுறவு ஸ்தாபனத்தில் எழுதுவினைஞராயிருந்தவருமான அல்பேர்ட் மான்ஸ்பிரிட்ஜ் தொழிலாளர் கல்விச் சங்கத்தை நிறுவினார்.

இச்சங்கத்தின் சாதனையாக நாம் கொள்ள வேண்டியது 1908 ஜனவரியில் ஆரம்பமான ஒரு வகுப்பு முறையாகும். வெள்ளி மாலை மட்பாண்டத் தொழில் நகரான லோங்டனிலும், சனி பிற்பகல் நெசவாலை நகரான றொச்டேலிலும் ஆர். எச். டோனி என்னும் இளைஞர் பாடம் நடத்தினார். றொச்டேல் வெறும் ஆலை நகரன்று. 1844 இல் நெசவாளரும் பிறரும் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்த ஊர் அது. கடையின் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கிய ஊரும் அதுவே. டோனி கற்பித்த பாடம் பொருளாதார வரலாறு. ஆனால் அங்கே உருவான முறையே பின்னர் இலக்கிய வகுப்புகளுக்கும் உரியதாயிற்று. மூன்று ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்கு இருபத்துநான்கு வகுப்புகள். ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம். முதல் மணித்தியாலம் ஆசிரியருடையது. இரண்டாவது மணித்தியாலம் மாணவருடையது. மாணவர் தொகை முப்பதளவிலேயே நிறுத்தப்பட்டது. இரு வாரத்துக்கொருமுறை ஒவ்வொருவரும் கட்டுரை எழுத வேண்டும். ஆனால் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை.

நமது அக்கறைக்கு உரியது அந்த இரண்டாவது மணித்தியாலமே. நாளெல்லாம் தறியோடு நின்றவன், தன் வயதிற் பாதியே கடந்த பட்டதாரியைப் பார்த்து, நீர் சொல்வது சரியன்று என்று கூறக்கூடிய நேரம் அது. டோனி 1912 இல் பதினாறாம் நூற்றாண்டின் நிலப் பிரச்சினை பற்றிய தமது நூலை வெளியிட்டபோது, நெசவாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளரும் யந்திரத் தொழிலாளரும் தம்மைத் திருத்தியதை முன்னுரையில் நன்றியோடு குறித்தார். இலக்கிய வகுப்பில் இது இன்னும் கூர்மையாகும். பொருளாதாரத்தில் ஆசிரியரிடம் புள்ளிவிபரம் உண்டு, மாணவர் தயங்கக்கூடும். ஒரு நாடகத்தில் வரும் தந்தையின் சினத்தைப் பற்றியோ, ஒரு நாவலில் வரும் வேலைக்காரியின் மௌனத்தைப் பற்றியோ பேசும்போது, வாழ்ந்து பார்த்தவருக்கும் பேச உரிமை உண்டல்லவா? முதியோர் இலக்கியக் கல்வி பள்ளிக்கூடக் கல்வியின் தாமதமான பதிப்பன்று என்பதற்கு இதுவே காரணம்.

நம்மவர்க்கு இது முற்றிலும் அந்நியமான காட்சியுமன்று. ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாத முதியோரும் கந்தபுராணம் கேட்டறிந்த மரபு யாழ்ப்பாணத்தில் உண்டு. அதன் பெருமையைப் பேசுவோர், அப்படனம் நடந்த கோயில்களின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய இலக்கியம் எல்லார்க்கும் உரியது என்று சொல்வது எளிது. அது எந்த மண்டபத்தில், எவர் முன்னிலையில் படிக்கப்படுகிறது என்பதே கேள்வி.

இங்கிலாந்திலும் அக்கேள்வி வெடித்தது. 1909 இல் ரஸ்கின் கல்லூரி அதிபர் டெனிஸ் ஹேர்ட் பதவி நீக்கப்பட்டபோது மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். அவர்களில் ஒரு சாரார் பிரிந்து சென்று மத்திய தொழிலாளர் கல்லூரியை நிறுவினர். சுரங்கத் தொழிலாளரும் புகையிரதத் தொழிலாளரும் தம் சங்கப் பணத்தால் அதனைத் தாங்கினர். அரசாங்க மானியம் பெறும் தொழிலாளர் கல்விச் சங்கம் வர்க்க உணர்வை மழுங்கடிக்கும் கருவி என்பது அவர்கள் வாதம். மார்க்ஸியப் பொருளாதாரமும் தொழில் வரலாறுமே அவர்கள் பாடத்திட்டத்தின் உயிர். இலக்கியத்துக்கு இடம் மிகச் சிறிது. மறுபுறத்தில், 1921 இல் சேர். ஹென்றி நியூபோல்ட் தலைமையில் வெளிவந்த அரசாங்க அறிக்கை, ஸ்தாபனப்பட்ட தொழிலாளர் இலக்கியத்தை வெறும் அலங்காரமென ஒதுக்குவதைக் கண்டு கவலைப்பட்டது. பிளவுண்ட தேசத்தை ஒட்டவைக்கும் பசையாக அது இலக்கியத்தைக் கண்டது. பேராசிரியர்கள் மிஷனரிமாரைப்போல் மக்களிடம் செல்ல வேண்டுமென்றும் கருதியது. உலக யுத்தம் முடிந்து மூன்றாண்டுகள். ருஷ்யாவிலே புரட்சி நடந்து நான்காண்டுகள். கவலையின் காரணம் விளங்காமலில்லை.

இவ்விரு சாராரும் பரம எதிரிகள். எனினும் ஒன்றில் மட்டும் ஒருமித்திருந்தனர் என்றே நாம் சொல்வோம். தொழிலாளியின் வாயில் எதை ஊற்றினாலும் அவன் அப்படியே விழுங்குவான் என்று இருவருமே எண்ணினர். ஒருவருக்கு இலக்கியம் மருந்து, மற்றவருக்கு அது மயக்க மருந்து. மத்திய தொழிலாளர் கல்லூரியின் சார்பில் ஒன்று கூறவேண்டும்: சலுகை கேட்டு நில்லாமல் தன் கல்வியைத் தானே நடத்தத் துணிந்த வர்க்கத்தின் கௌரவம் அங்கே இருந்தது. அக்கல்லூரி 1929 இல் மூடப்பட்டது. ஆனால் 1923 முதல் 1925 வரை அங்கே படித்த தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி லூயிஸ் ஜோன்ஸ், வேலையற்றோர் போராட்டங்களுக்கிடையே அமர்ந்து நாவல் எழுதினார். 'க்வமார்டி' 1937 இலும், அதன் தொடர்ச்சி அவர் இறந்தபின் 1939 இலும் வெளிவந்தன. இலக்கியத்துக்குப் பாடவேளை கொடாத கல்லூரி ஓர் இலக்கிய கர்த்தாவைத் தந்துவிட்டது!

எதிர்த்திசையிலும் வேடிக்கை உண்டு. நவீன ஆங்கிலக் கவிதையின் தலைமைப் பழைமைவாதியான டி. எஸ். எலியட், 1916 முதல் 1919 வரை லண்டனுக்கு மேற்கேயுள்ள சவுத்தோலில், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் தொடர்பில் நடந்த மூன்றாண்டு இலக்கிய வகுப்பொன்றின் ஆசிரியராயிருந்தார். வகுப்பிலிருந்தோர் பெரும்பாலும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகள். பகலெல்லாம் பிள்ளைகளோடு போராடிவிட்டு மாலையில் வந்தவர்கள். ('தொழிலாளர் வகுப்பு' என்ற பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. இலக்கிய வகுப்புகளில் ஆலைத் தொழிலாளரை விட ஆசிரியரும் எழுதுவினைஞரும் பெண்களுமே மிகுதி.) முதலில் விக்டோரியா காலத்து நூல்களோடு தொடங்கிய வகுப்பு, மூன்றாம் ஆண்டில் எலிசபெத் காலத்து நாடகங்களுக்குப் பின்னோக்கிச் சென்றது. 1919 இலும் 1920 இலும் மார்லோ, ஜொன்சன் முதலியோர் பற்றி எலியட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளை அந்த மாலை வகுப்பை மறந்துவிட்டுப் படிப்பதற்கில்லை.

அதே எலியட் 1948 இல் பண்பாடு பற்றி ஒரு நூல் எழுதி, எல்லோருக்கும் கல்வி வழங்கும் அவசரத்தில் தரம் தாழ்கிறது என்று எச்சரித்தார். அடுத்த ஆண்டு, ஆங்கிலக் கால்வாய்க் கரையிலுள்ள சீபோர்ட் என்னும் சிற்றூரில், ஒரு முதியோர் வகுப்பு பண்பாடு என்னும் கருத்தை ஆராயப் புகுந்து அந்நூலையே மேசைமேல் வைத்தது. ஆசிரியர் ரேமண்ட் வில்லியம்ஸ். வேல்ஸ் எல்லைக் கிராமமொன்றின் புகையிரதச் சைகையாளரின் மகன். 1946 முதல் 1961 வரை ஒக்ஸ்போர்ட்டின் புறநிலைக் கல்வி ஆசிரியர். 'பண்பாடு' என்னும் சொல் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று அந்த வகுப்பில் தொடங்கிய விசாரணையே 1958 இல் 'பண்பாடும் சமுதாயமும்' என்ற நூலாயிற்று. எல்லோருக்கும் கல்வி கூடாதென்ற வாதத்துக்கு, எல்லோருக்குமான கல்வி கொடுத்த மறுமொழி அது!

பழையதைப் படிப்பதா, புதியதைப் படிப்பதா என்னும் வாக்குவாதம் இவ்வகுப்புகளில் ஓயாதது. புதியது எளிது, பழையது கடினம் என்ற எண்ணம் தவறானது. ஓய்வும் நூலகமும் உடையவனை எதிர்நோக்கி எழுதப்பட்ட இருபதாம் நூற்றாண்டுக் கவிதையை விட, சந்தை மக்கள் நின்றுகொண்டே பார்த்த ஷேக்ஸ்பியர் நாடகம் வேலைக்களைப்போடு வந்தவனுக்கு விரைவில் நெருங்கிவிடுகிறது. வில்லியம்ஸ் 1950 இல் எழுதிய 'வாசிப்பும் விமர்சனமும்' என்னும் சிறுநூல் இத்தகைய வகுப்புகளுக்காகவே பிறந்தது. ஆசிரியர் பெயரின் மகிமையை நம்பாமல், ஒரு பந்தியை எடுத்து, சொல்லுக்குச் சொல் நிறுத்தி வாசிக்கும் பயிற்சி அது. பத்திரிகை எழுத்தையும் அது விட்டுவைக்கவில்லை. மில்டனைப் படித்த கண் காலைப் பத்திரிகையைப் படிக்கும்போது மூடிக்கொள்வதானால் அப்படிப்பினால் யாருக்கு என்ன பயன்?

இதே ஆண்டுகளில் ஹல் சர்வகலாசாலையின் முதியோர் கல்வித் துறையில் ரிச்சர்ட் ஹொகார்ட் இருந்தார். அவரது 'எழுத்தறிவின் பயன்கள்' 1957 இல் வந்தது. லீட்ஸ் சர்வகலாசாலையின் புறநிலைத் துறையில் 1948 முதல் 1965 வரை ஈ. பி. தொம்சன் இலக்கியமும் வரலாறும் கற்பித்தார். 1963 இல் வெளியான 'ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம்' என்ற பெருநூலின் முன்னுரையில் தம் வகுப்பு மாணவரிடம் கற்றதை அவர் ஒப்புக்கொள்கிறார். அந்நூலிற் பேசப்படும் கைத்தறி நெசவாளர் வாழ்ந்த யோர்க்ஷயர்ப் பள்ளத்தாக்குகளிலேயே அவ்வகுப்புகள் நடந்தன. பண்பாட்டு ஆய்வு என்னும் துறை 1964 இல் பர்மிங்ஹாமிற் பிறந்ததாக இன்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. வில்லியம்ஸ் இதை ஏற்கவில்லை. முதியோர் வகுப்புகளில் அது பல்லாண்டு முன்னரே நடந்ததென்றும், அச்சிலேறாத காரணத்தால் மறக்கப்பட்டதென்றும் அவர் பிற்காலத்தில் வற்புறுத்தினார். பல சர்வகலாசாலைகள் தம் புறநிலைத் துறைகளைப் பின்னர் மூடிவிட்டன. அத்துறைகளிற் பிறந்த நூல்களை மட்டும் பாடத்திட்டத்தில் வைத்துக்கொண்டன.

1960 இல் டி. எச். லோரன்ஸின் நாவலொன்றை மலிவுப் பதிப்பாக வெளியிட்ட பெங்குவின் நிறுவனத்தின் மீது லண்டனில் ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. லோரன்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன். பதிப்பின் விலை மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். உங்கள் மனைவியோ வேலைக்காரரோ இதைப் படிப்பதை விரும்புவீர்களா என்று அரசாங்க வழக்கறிஞர் ஜூரிமாரைக் கேட்டார். ஹொகார்ட்டும் வில்லியம்ஸும் எதிர்த்தரப்புச் சாட்சிகளாக ஏறினர். வேலைக்காரர் என்ன படிப்பர், எப்படிப் படிப்பர் என்பதைப் பல ஆண்டுகளாக நேரிற் கண்டவர்கள் அவர்களே. நவம்பர் 2 ஆந் திகதி நிறுவனம் குற்றமற்றதெனத் தீர்ப்பாயிற்று.

இன்னொரு நூலின் கதையும் உண்டு. சீபோர்ட்டிலிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் ஹேஸ்டிங்ஸ் வரும். வில்லியம்ஸ் சில ஆண்டுகள் குடியிருந்த ஊர் அது. அவ்வூரில் வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசிப் பிழைத்த றொபேட் டிரெஸல் தம் சக தொழிலாளரைப் பற்றி ஒரு பெரு நாவல் எழுதி, பதிப்பிக்க முடியாமல் 1911 இல் லிவர்பூலில் இறந்தார். மகள் கைப்பிரதியை இருபத்தைந்து பவுணுக்கு விற்றாள். 1914 இல் வெளியானது வெட்டிச் சுருக்கிய பதிப்பு. சுருக்கப்பட்ட கதை நாயகனின் மனமுறிவோடு முடிந்தது. கைப்பிரதியிலோ புதிய சமுதாயம் பற்றிய நம்பிக்கையே முடிவு. ஹேஸ்டிங்ஸ் ஊரவரான பிரெட் போல் கைப்பிரதியைத் தேடிக் கண்டெடுத்து, வெட்டுண்ட பகுதிகளை இணைத்து, 1955 இல் முழு நூலாக்கினார். ஏட்டுச்சுவடி தேடிப் பதிப்பித்த நம் முன்னோரின் உழைப்புக்கு இது இளைத்ததன்று.

அந்நாவலிலும் ஒரு முதியோர் வகுப்பு உண்டு. நண்பகல் உணவு வேளை. அரைகுறையாக வர்ணம் பூசிய வீட்டிலே வாளிகளும் பலகைகளும் ஆசனங்கள். ஓவன் என்னும் தொழிலாளி மீந்த பாண் துண்டுகளையும் சட்டைப்பைக் கத்திகளையும் வாங்கி வைத்து, பணம் எவ்வாறு ஒருவன் கைக்கே திரும்பிச் செல்கிறது என்பதை மற்றவர்களுக்கு விளக்குகிறான். கேட்போர் சிரிக்கின்றனர், குறுக்கிடுகின்றனர், சிலர் மௌனமாகி விடுகின்றனர். பின்பு வேலைக்கான விசில் ஊதுகிறது.