திரீ மைல் தீவு: உருகிய உள்ளகமும் உடையாத கலனும்

திரீ மைல் தீவு அணு உலை விபத்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1979 மார்ச் 28 அன்று நிகழ்ந்தது. இரண்டாம் அலகின் உள்ளகத்தில் ஏறத்தாழ பாதி உருகியும், அதைத் தாங்கிய எஃகுக் கலன் உடையவில்லை. அதன் காரணத்தைத் தேடிய ஆய்வுகள், உருகிய எரிபொருளிலிருந்து வெப்பம் எவ்வாறு வெளியேறுகிறது என்பது பற்றிய அறிவை வளர்த்தன.

விபத்தின் போக்கு

அதிகாலை 4 மணியளவில் நீராவி உருவாக்கிகளுக்கு நீர் அனுப்பும் பம்புகள் நின்றன. உலையும் சில நொடிகளில் தானாக நின்றது. ஆனால் அணுப்பிளவு நின்ற பின்னும் கதிரியக்கச் சிதைவால் வெப்பம் தொடர்ந்து உண்டாகும். தொடக்கத்தில் இது முழுத் திறனில் ஏறத்தாழ 6 விழுக்காடு. மூடாமல் சிக்கிக்கொண்ட வால்வு வழியே குளிர்விக்கும் நீர் வெளியேறியது. நிலைமையைத் தவறாகப் புரிந்துகொண்ட பணியாளர்கள் அவசர நீர்வரத்தைக் குறைத்தனர். நீர்மட்டம் தாழ்ந்து எரிபொருள் தண்டுகள் வெளிப்பட்டன. அவற்றின் சிர்க்கோனிய உறை நீராவியுடன் வினைபுரிந்து வெப்பத்தை மேலும் கூட்டியது.

உருகிய பொருள் உள்ளகத்தின் நடுவே குளம்போல் தேங்கியது. அதன் அடியும் ஓரங்களும் உறைந்து, வெப்பத்தை எளிதில் கடத்தாத ஓடாயின. இத்தகைய குளத்தில் சூடான நீர்மம் மேலெழுவதால், மேற்பகுதியும் பக்கங்களும் அடிப்பகுதியைவிட மிகுந்த வெப்பத்தைப் பெறும். விபத்து தொடங்கிய 224ஆம் நிமிட அளவில் ஓடு பக்கவாட்டில் உடைந்து, ஏறத்தாழ 19 டன் உருகிய பொருள் கலனின் அடிக்கு வழிந்தது.

கலன் ஆய்வு

1982இல் உள்ளே இறக்கப்பட்ட கேமரா, உள்ளகத்தின் மேற்பகுதி வெற்றிடமாகியிருந்ததைக் காட்டியது. 1990இல் ஒரு பன்னாட்டுத் திட்டத்தின் கீழ் கலனின் அடிச்சுவரிலிருந்து 15 எஃகு மாதிரிகள் வெட்டியெடுக்கப்பட்டன. சுவரின் ஒரு பகுதி ஏறத்தாழ 1100 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, அரை மணி நேர அளவிலேயே குளிரத் தொடங்கியது தெரியவந்தது. ஓட்டின் வழியான கடத்தலால் மட்டும் இவ்வளவு விரைவாகக் குளிர்ந்திருக்க முடியாது. கலனுக்குள் இருந்த நீர், ஓட்டின் வெடிப்புகளிலும் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கிலும் புகுந்து வெப்பத்தை அகற்றியிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர்.

தாக்கம்

உருகிய உள்ளகத்தைக் கலனுக்குள்ளேயே நிறுத்தலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. பின்லாந்தின் லோவீசா நிலையத்திலும் அமெரிக்காவின் ஏபி1000 வகை உலையிலும் கலனைச் சுற்றி நீர் நிரப்பி வெளியிலிருந்து குளிர்விக்கும் ஏற்பாடு உள்ளது. கலன் உடைந்தாலும் உருகிய பொருளைத் தாங்க, கூடங்குளம் உலைகளின் அடியில் தனித் தாங்குகலன் அமைக்கப்பட்டுள்ளது. 2011இல் ஜப்பானின் புகுசிமாவில் உரிய நேரத்தில் நீர் கிடைக்காததால், உருகிய எரிபொருள் கலனைத் துளைத்து வெளியேறியது.