இரு வினாக்களும் ஒரு சிரிஞ்சும்: நாட்டிங்காம் விசாரணை அறிக்கையின் ஒரு பகுதி குறித்து

மருந்து செலுத்துவதில் நேரும் பிழைகளைப் பற்றிய ஆய்வுகளில், 2001 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் நாட்டிங்காம் குயின்ஸ் மெடிக்கல் சென்டரில் நிகழ்ந்தது மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுகிறது. சிரைவழி மட்டுமே செலுத்தத்தக்க வின்கிரிஸ்டின், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த பதினெட்டு வயது இளைஞரின் தண்டுவட உறைக்குள், அதாவது தண்டுவடத்தைச் சூழ்ந்த நீருக்குள், செலுத்தப்பட்டது. ஏறத்தாழ நான்கு வாரங்களில் அவர் இறந்தார். நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் இம்மருந்து, சிரையில் உயிர்காப்பது, தண்டுவட நீரில் பெரும்பாலும் உயிர்பறிப்பது. மூத்தவர் முன் இளையவர் வாய்திறக்கத் தயங்கியதே இப்பிழைக்குக் காரணம், அத்தயக்கத்தைப் போக்கும் பயிற்சியே தீர்வு என்று ஓர் ஆய்வுப் போக்கு கொள்கிறது. பிரயன் டாஃப்ட் தயாரித்த விசாரணை அறிக்கையை நெருங்கி வாசிப்பவருக்கு அக்கருத்து நிலைக்கத்தக்கதாகத் தோன்றாது.

அறிக்கையின்படி, தண்டுவடத்திற்கு உரிய சைட்டராபின் முறையாகச் செலுத்தப்பட்டது. இரண்டாவது சிரிஞ்சைப் பெற்ற இளநிலை மருத்துவர் அது வின்கிரிஸ்டினா என்று வினவ, மேற்பார்வையிட்ட மூத்தவர் ஆம் என்றார். தண்டுவடத்திற்கான வின்கிரிஸ்டினா என்று மீண்டும் வினவியபோதும் ஆம் என்றே விடை கிடைத்தது. மருந்தின் பெயரும் அது செல்லும் வழியும் உரக்கச் சொல்லப்பட்டுவிட்டன. கேட்கவேண்டிய வினா, கேட்கவேண்டியவரால், கேட்கவேண்டிய கணத்தில் கேட்கப்பட்டது. இதைத் தயக்கம் என்று பெயரிடுவது சான்றைக் கோட்பாட்டுக்கு ஏற்ப வளைப்பதாகும்.

இவ்வுரையாடல் நிகழ்வுக்குப் பின் நினைவிலிருந்து கூறப்பட்டது என்பதும், ஆங்கிலத்தில் வினாவின் நோக்கம் பெரிதும் குரலின் ஏற்றத்தாழ்வையே சார்ந்திருப்பதால் எழுத்துப் பதிவு அதை முழுமையாகக் காட்டாது என்பதும் மறுக்கத்தக்கவை அல்ல. தமிழில் ‘வின்கிரிஸ்டினா?’ என்பது ஐயத்தையும், ‘வின்கிரிஸ்டின்தானே?’ என்பது உடன்பாட்டை எதிர்நோக்குவதையும் உருபாலேயே காட்டிவிடும். அறிக்கையின் மொழியில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. ஆயினும் இரண்டாம் வினா கேட்கப்பட்டது என்பதே, முதல் விடையால் இளையவருக்கு முழு நிறைவு ஏற்படவில்லை என்று கருத இடந்தருகிறது. மறுபுறம், சிரிஞ்சில் இருந்த பெயரைப் படித்தபோதும் தண்டுவடத்தில் செலுத்தத்தக்க மீதோட்ரெக்சேட்டே தம் எண்ணத்தில் இருந்ததாக மூத்தவர் கூறியிருக்கிறார். ஆக, கேட்டவர் மூத்தவரின் அறிவை நம்பினார்; விடையளித்தவர் தண்டுவடச் சிகிச்சைக்கென எடுத்துவைக்கப்பட்ட சிரிஞ்சை நம்பினார். இருவர் சரிபார்த்தும், ஒருவரின் பிழையை மற்றவர் தனித்து நின்று கண்டறியும் வாய்ப்பே அங்கு எழவில்லை. அவ்விடத்திற்கு வந்துவிட்டதாலேயே அந்தச் சிரிஞ்சு, வினா எழுமுன்பே அதற்கு விடையாகிவிட்டிருந்தது.

எனவே ஆராயவேண்டியது சொல்லை அன்று, சிரிஞ்சையே. 1985 முதல் குறைந்தது 13 நோயாளிகள் தண்டுவட ஊசிப் பிழைகளால் இறந்தோ முடங்கியோ போயினர் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை 2000இல் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்து, 2001 முடிவுக்குள் அவ்வெண்ணிக்கையைச் சுழியமாக்க இலக்கும் வகுத்தது; நாட்டிங்காம் நிகழ்வு அதன் பின்னரே நேர்ந்தது. வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் அன்றி, சிரைவழிச் சொட்டாக ஏற்றும் சிறு பையில் கரைத்தே வழங்குமாறு 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பை என்பது நினைவூட்டும் பலகை அன்று: சிரிஞ்சைப்போல் கையிலெடுத்துத் தண்டுவட ஊசியில் பொருத்தி அழுத்த அது இடந்தராது, அதன் பருமனே தவறான வழியை அடைத்துவிடுகிறது. களைத்தவர், புதியவர், நம்பிக்கை மிகுந்தவர் எவர் கையிலும் அது மாறாது.

சொட்டாக ஏற்றும்போது மருந்து சிரைக்கு வெளியே கசிந்து திசுவைப் புண்ணாக்கக்கூடும் என்ற மறுப்பு உண்டு. கசிவு கண்காணிக்கத்தக்கது, மருத்துவம் உள்ளது. தண்டுவடத்தில் சென்ற வின்கிரிஸ்டினுக்கு மாற்றுமருந்து இல்லை. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாது.

பிரிட்டனின் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2008இல் 50 மில்லிலிட்டர் பையை வலியுறுத்தியபோது, அவ்வறிவிப்பு பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் உரிய பிரிவுகளைக் குறித்தே அமைந்தது. சிரைவழி வின்கிரிஸ்டினும் தண்டுவட மருந்தும் ஒரே சிகிச்சைத் திட்டத்தில் இடம்பெறும் கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயோ, குழந்தைகளிடமே மிகுதியாகக் காணப்படுகிறது.