ஒரு ரூபாய் டிக்கெட்டுக்கு மீதிப் பணத்தை யார் கட்டினது?

போன மாசம் அம்மா, அப்பாவை சென்னையிலிருந்து டெல்லிக்குக் கூட்டிட்டுப் போக டிக்கெட் தேடிக்கிட்டு இருந்தேன். ஒரு டேப்ல பட்ஜெட் ஏர்லைன், பக்கத்து டேப்ல ஃபுல் சர்வீஸ். ஆளுக்கு 1,300 ரூபாய் வித்தியாசம். மூணு பேருக்கு 3,900. சரி, பட்ஜெட்டே போதும்னு உள்ளே போனேன். மூணு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்காரணுமா, அதுக்குக் காசு. சாப்பாட்டுக்குக் காசு. தேதி மாத்தணும்னா கொஞ்சம் சலுகை கிடைக்கிற மாதிரி ஒரு பேக்கேஜ், அதுக்கும் காசு. கடைசில 'கன்வீனியன்ஸ்' கட்டணம்னு ஒண்ணு. என் சொந்த லேப்டாப்ல, என் சொந்த டேட்டாவுல, நானே டைப் அடிச்சு புக் பண்றதுக்கு யாருடைய வசதிக்காகக் கட்டணம்னு எனக்கு இன்னும் விளங்கல. பணம் கட்டுற பக்கத்துக்கு வந்தப்போ வித்தியாசம் ஆளுக்கு 200 ரூபாய்தான்.

தொழில் புத்தி விடுமா? ஸ்ப்ரெட்ஷீட் திறந்து உட்கார்ந்துட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஷீட்ல டிக்கெட் விலையைவிட வேற ஒரு கேள்வி பெருசா நின்னுச்சு. ஒரு சீட்டை டெல்லி வரைக்கும் கொண்டுபோக உண்மையில ஆகுற செலவை யார் கட்டுறாங்க? பயணி மட்டும்தானா?

அதுக்குப் பதில் தேட 2003-க்குப் போகணும்.

'சூரரைப் போற்று' பார்த்திருப்பீங்க. 2020-ல் வந்தது. சோழவந்தான் பையன் மாறா எல்லாரையும் விமானத்துல ஏத்திக் காட்டுற கதை. அதுக்கு மூலம் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் எழுதிய தன்வரலாறு. நிஜத்தில் அவர் கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்துக்காரர். ராணுவத்திலிருந்து வெளியே வந்து, விவசாயம் பார்த்து, ஹெலிகாப்டர் வாடகைக் கம்பெனி நடத்தி, 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கானைத் தொடங்கினார். முதல் சேவை பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு. ஆர்.கே. லக்ஷ்மணின் 'சாமானிய மனிதன்' கார்ட்டூன்தான் அடையாளச் சின்னம். சினிமா ஜெயிச்ச இடத்துல முடிஞ்சுடும். நம்ம கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

பட்ஜெட் ஏர்லைன் கோபிநாத் கண்டுபிடிச்சது இல்ல. அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் 1971-லேயே பறக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம் கையில் காசு இல்லாமல், இருந்த நாலு விமானத்தில் ஒன்றை விற்றார்கள். ஆனால் கால அட்டவணையைக் குறைக்கவில்லை. தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிஷத்தில் திருப்பி அனுப்பி, நாலு விமானத்தின் வேலையை மூன்றில் முடித்தார்கள். இந்தத் தொழிலின் அடிப்படைச் சூத்திரமே இதுதான். விமானம் தரையில நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். பிறகு ஐரோப்பாவில் ரையன்ஏர் இன்னொரு வழி காட்டியது. பெரிய விமான நிலையத்தில் கட்டணம் அதிகமா? ஊருக்கு வெளியே போ. 'ஃபிராங்ஃபர்ட் ஹான்'னு அவங்க விற்ற விமான நிலையம் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். சென்னை டிக்கெட்னு வாங்கி வேலூர்ல இறங்குற மாதிரி. அங்கிருந்து பஸ் காசும் ரெண்டு மணி நேரமும் உங்க செலவு.

இந்தியாவில் இந்த வழி இல்லை. 2003-ல் ஒரு நகரத்துக்குப் பெரும்பாலும் ஒரே விமான நிலையம். ஜெட் ஏர்வேஸ் இறங்கும் அதே ஓடுதளத்தில்தான் டெக்கானும் இறங்க வேண்டும். எரிபொருளும் அதே விலை, அதுக்கு மேல மாநிலங்களின் விற்பனை வரி. இந்தியாவில் ஒரு விமான கம்பெனியின் செலவில் ஏறத்தாழ பத்துக்கு நாலு பங்கை எரிபொருளே தின்னுடும். பட்ஜெட்டோ பந்தாவோ, அந்தப் பங்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

அப்போ எதுல குறைக்கிறது? டெக்கான் தொடக்கத்தில் ஏடிஆர் என்ற சின்ன இறக்கை விசிறி விமானங்களை எடுத்தது. 40 டன்னுக்குக் குறைவான விமானங்களுக்கு எரிபொருள் விற்பனை வரி 4 சதவீதம்தான் என்று ஒரு சலுகை வந்தது. 80 சீட்டுக்குக் குறைவாக இருந்தால் தரையிறங்கும் கட்டணம் கிடையாது என்று இன்னொரு சலுகை.

இங்க ஒரு சின்னக் கிளைக்கதை. நம்ம ஊர் பாரமவுண்ட் ஏர்வேஸ் ஞாபகம் இருக்கா? மதுரை ஜவுளிக் குடும்பத்தைச் சேர்ந்த எம். தியாகராஜன் 2005-ல் சென்னையை மையமாக வைத்துத் தொடங்கியது. எம்ப்ரேயர் ஜெட்டில் 70 சீட்டு, மொத்தமும் பிசினஸ் கிளாஸ். பார்க்க ஆடம்பரம். ஆனால் 40 டன்னுக்குள், 80 சீட்டுக்குள். அதாவது ஏழைகளின் ஏடிஆருக்குக் கிடைத்த அதே சலுகையில் சொகுசு சீட்டு ஓட்டினார்கள். விதியை வரிவரியாப் படிச்சு வடிவமைச்ச ஒரு இன்ஜினீயரிங் வேலை அது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. விமானம் குத்தகைக்குக் கொடுத்தவர்களோடு வழக்காகி 2010-ல் நின்றுபோனது.

டெக்கானுக்கு வருவோம். இலவசச் சாப்பாடு இல்லை, தண்ணீர்கூட விலைக்கு. சீட் நம்பர் கிடையாது. கதவு திறந்ததும் டவுன் பஸ் மாதிரி ஓடிப்போய் இடம் பிடிக்க வேண்டியதுதான், துண்டு மட்டும்தான் போடல. ஏஜென்டுகளைத் தாண்டி இணையத்திலும், போனிலும், பெட்ரோல் பங்கிலும் டிக்கெட் விற்றார்கள். அப்புறம் அந்தப் பிரபலமான ஒரு ரூபாய் டிக்கெட்.

அது பொய்யான விளம்பரம் இல்லை, நிஜமாகவே விற்றார்கள். ஆனால் வரியும் மற்ற கட்டணங்களும் தனி. ஒரு விமானத்தில் சில சீட்டுகள் மட்டும் அந்த விலைக்கு. அடுத்த சில சீட்டு கொஞ்சம் அதிகம், அதுக்கடுத்தது இன்னும் அதிகம்னு படிக்கட்டு மாதிரி ஏறும். நேத்து ராத்திரி முடிவு பண்ணி இன்னைக்குக் காலையில கிளம்புறவர், மூணு மாசம் முன்னாடியே வாங்கினவரோட டிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டுறார். இதுவரைக்கும் நியாயமான கணக்கு. சிக்கல் என்னன்னா, எல்லா சீட்டையும் கூட்டி வந்த சராசரியே செலவைத் தொடவில்லை. 2006-ல் பங்குச் சந்தைக்குப் போனபோது வாங்க ஆள் போதாமல் பங்கின் விலையைக் குறைத்து, கெடுவை நீட்டித்துத்தான் விற்க முடிந்தது. ஒரு ரூபாய்க்குப் பறந்தவரின் மீதிப் பணத்தைக் கட்டியது அந்த முதலீட்டாளர்கள்.

தாமதத்துக்கும் ரத்துக்கும் டெக்கான் பேர்போனது, அதையும் சொல்லிடணும். அது டிக்கெட்டில் அச்சாகாத விலை. ஆனாலும் 60-க்கும் மேற்பட்ட ஊர்களை இணைத்தார்கள். அதுவரை விமானமே பார்க்காத பல ஊர்கள் அதில் உண்டு. எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை குறையல.

இப்போ எதிர்த்தரப்பு. 2005 மே மாதம் கிங்ஃபிஷர் வந்தது. சீட்டுக்குச் சீட்டு டிவி, சூடான சாப்பாடு, வாசலிலேயே பெட்டி தூக்க ஆள். 'பயணி'ன்னே சொல்ல மாட்டாங்க, 'விருந்தினர்'. விஜய் மல்லையாவே திரையில் வந்து வரவேற்பார்.

என் ஸ்ப்ரெட்ஷீட்டின் முக்கியமான வரி இதுதான். ஏர்பஸ் ஏ320 என்பது ஒரே விமானம். டெக்கான் அதில் 180 சீட்டு போட்டது. கிங்ஃபிஷர் முதல் வகுப்பு வைத்த பிறகு அதே விமானத்தில் 134. ஒரு பேச்சுக்கு, ஒரு தடவை பறக்க 5,40,000 ரூபாய் ஆகுதுன்னு வைங்க. 180-ஆல் வகுத்தால் சீட்டுக்கு 3,000. 134-ஆல் வகுத்தால் 4,030. சாப்பாடும் டிவியும் பெட்டி தூக்குறவரும் இன்னும் கணக்குக்கே வரல. அதுவும் எல்லா சீட்டும் நிறைந்தால்தான். இருபது முதல் வகுப்பு சீட்டும் நல்ல விலைக்குத் தினமும் விற்றால் சரிக்கட்டலாம். மற்ற 114 பேரிடம் கூடுதலாக வாங்க முடியாது. பக்கத்து கவுன்ட்டரில் டெக்கானும், ஸ்பைஸ்ஜெட்டும், 2006-லிருந்து இண்டிகோவும் அதே வழித்தடத்தில் மலிவு விலைக்கு விற்கிறார்கள். விருந்து கொடுக்கலாம், மொய் வாங்க முடியல.

2007-ல் கிங்ஃபிஷர் டெக்கானின் 26 சதவீதப் பங்கை வாங்கி, அடுத்த வருஷம் முழுசாக இணைத்துக்கொண்டது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் விலைப்போர். இன்னொன்று '5/20' விதி. வெளிநாட்டுக்குப் பறக்க ஐந்து வருஷ அனுபவமும் 20 விமானமும் வேண்டும். டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் ஐந்து வருஷம் முடிந்தது. செப்டம்பரில் கிங்ஃபிஷர் பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. டெக்கானுக்கு 'கிங்ஃபிஷர் ரெட்' என்று பெயர். சாமானிய மனிதன் போய் மீன்கொத்தி வந்தது. ஒரே பெயரில் ரெண்டு விலை இருந்தால் ஜனங்க எதை வாங்குவாங்க? 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பேரல் 147 டாலரைத் தொட்டது. 2011-ல் ரெட்டை மூடப்போவதாக அறிவித்தார்கள், 2012 அக்டோபரில் மொத்தமும் தரையில் நின்றது. தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம்கூட லாபம் பார்க்காத கம்பெனி.

அந்தச் சூடான சாப்பாட்டுக்கு யார் காசு கொடுத்தது? ஸ்டேட் வங்கி தலைமையில் 17 வங்கிகள். வட்டியோடு 9,000 கோடிக்கு மேல் கேட்டு நின்றார்கள். மாசக்கணக்கில் சம்பளம் வராமல் வேலை பார்த்த பைலட், கேபின் ஊழியர், மெக்கானிக். சொத்துகளை முடக்கி விற்று வங்கிகள் பிற்பாடு பெரிய தொகையை மீட்டது உண்மைதான். வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு அந்த வருஷங்களை யாரும் மீட்டுத் தரல. ஜெட் ஏர்வேஸும் 2019 ஏப்ரலில் 8,000 கோடிக்கு மேல் கடனோடு நின்றது.

ஏர் இந்தியா கணக்கு இன்னும் நேரடியானது. 2021 ஆகஸ்ட் இறுதியில் அதன் கடன் 61,562 கோடி. டாடா ஏற்றுக்கொண்டது 15,300 கோடி. மீதி 46,262 கோடி அரசு கம்பெனி ஒன்றின் தலைக்குப் போனது. நீங்க பிறந்ததிலிருந்து விமானத்துல ஏறாம இருந்திருக்கலாம். அந்த பிஸினஸ் கிளாஸ் சீட்டுல உங்க பங்கும் கொஞ்சம் இருக்கு.

'அப்போ பட்ஜெட்தான் நேர்மையானதா?'ன்னு கேட்பீங்க. முழுசா இல்ல. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திடீரென்று நின்றபோது டிக்கெட் வாங்கியவர்களின் பணம் மாட்டிக்கொண்டது. 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேர விதிகள் கடுமையானபோது, இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. ஆளை இறுக்கமாக வைத்து ஓட்டுவதில் மிச்சமானது இத்தனை வருஷமாக மலிவு டிக்கெட்டுக்குள் இருந்தது. அந்த வாரம் அது கல்யாணத்தையும் இன்டர்வியூவையும் தவறவிட்டவங்க தலையில விழுந்துச்சு. மத்த கம்பெனிகளின் கட்டணம் எகிறி, அரசு உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது.

வேடிக்கை என்னன்னா, ரெண்டு தரப்பும் இப்போ இடம் மாறிக்கிட்டு இருக்கு. 2024-ல் ஏர் இந்தியா தன் மலிவு எகானமி டிக்கெட்டுக்கான பெட்டி எடையை 15 கிலோவாகக் குறைத்தது. பட்ஜெட் ஏர்லைன்ல கிடைக்கிற அதே 15. அதே வருஷம் இண்டிகோ டெல்லி–மும்பை தடத்தில் பிசினஸ் சீட் கொண்டுவந்தது.

கடைசியில நான் எதை எடுத்தேன்னு கேட்கிறீங்களா? பட்ஜெட்தான். சீட்டுக்கு மட்டும் காசு கட்டினேன். சாப்பாட்டை நீக்கிட்டேன், ஏன்னா அம்மா புளியோதரை கட்டுறேன்னுட்டாங்க. வீட்டுல எடை போட்டப்போ 6.8 கிலோ இருந்த கைப்பை, கவுன்ட்டர்ல 8.2 காட்டுச்சு. அப்பா அங்கேயே பையைத் திறந்து புளியோதரை டப்பாவை வெளியே எடுத்துக் கையில வெச்சுக்கிட்டார். 7.1. அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு டேக் மாட்டி விட்டுட்டாங்க.