பூந்தமல்லி சாலையில் ஒரு ஸ்காட்லாந்து சர்ச்

1/ திருமழிசையில் பஸ் ஏறி பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியா எழும்பூர் பக்கம் போயிருந்தா, மரங்களுக்கு மேல நிக்கிற அந்த வெள்ளை ஊசிக் கோபுரத்தைப் பார்த்திருப்பீங்க. புனித ஆண்ட்ரூஸ் ஆலயம். 'கிர்க்'னு சொல்வாங்க. ஸ்காட்லாந்துக்காரங்க பேச்சுல கிர்க்னா சர்ச். அதோட கதையைச் சுருக்கமா சொல்றேன்.

2/ ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் உண்டு. ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன் சபையில் கிடையாது; மூப்பர்கள் கூடி முடிவெடுப்பாங்க. கம்பெனி வேலையில் ஸ்காட்லாந்துக்காரங்க நிறைய பேர். 1813 சாசனத்துக்குப் பிறகுதான் அவங்களுக்குன்னு தனி குருமாரை கம்பெனி நியமிச்சது. அப்புறம் தனி ஆலயம் வேணும்ல?

3/ அடிக்கல் 1818, திறப்பு 1821. வடிவமைத்தவர் மேஜர் டி ஹாவிலண்ட். லண்டனில் இருக்கிற செயின்ட் மார்ட்டின் ஆலயம்தான் முன்மாதிரி. ஆனா இடம் சதுப்பு. அவ்வளவு கனத்தைச் சேறு தாங்காது.

4/ தீர்வு நம்ம ஊர் உத்தி: கிணறு. சுமார் 150 கிணறுகளை வரிசையா இறக்கி, அதுமேல அஸ்திவாரம். மேலே 16 தூண்கள் தாங்குற நீலநிறக் குவிமாடம். அண்ணாந்து பார்க்கிறவங்க பலருக்கு, காலுக்குக் கீழே கிணறுகள் இருக்குன்னே தெரியாது.

5/ இந்தச் சபையின் குருமார் லாரி, போவி ரெண்டு பேரும் 1835-ல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. அதை நடத்த ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர் ஜான் ஆண்டர்சன். 1837-ல் அர்மீனியன் தெருவில் 59 மாணவர்களோட ஆரம்பிச்சார்.

6/ இதுதான் முக்கியம். 1838-ல் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் சேர்ந்தாங்க. 'அவங்களை வெளியே அனுப்புங்க, இல்லன்னா எங்க பிள்ளைங்க வரமாட்டாங்க'ன்னு பெற்றோர்கள் நின்னாங்க. ஆண்டர்சன் மறுத்துட்டார். நிறைய பேர் பிள்ளைகளை நிறுத்திட்டாங்க. பெஞ்சு காலியானாலும் அவர் இறங்கி வரல.

7/ 1843-ல் ஸ்காட்லாந்துச் சபையே ரெண்டா உடைஞ்சது. ஆண்டர்சன் ஃப்ரீ சர்ச் பக்கம் போனார். பள்ளியும் அவரோட போச்சு. ஆலயம் பழைய சபையிடமே இருந்தது. அந்தப் பள்ளிதான் பின்னாடி மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. 1937-ல் தாம்பரம் போனது.

8/ டாக்டரா இருக்கிறதால இதைச் சொல்லாம விட முடியல. ஃப்ரீ சர்ச் 1888-ல் அனுப்பினவர் டாக்டர் மாட்டில்டா மெக்ஃபெயில். ஆண் டாக்டர்கிட்ட காட்டத் தயங்கின பெண்களுக்காக ராயபுரத்தில் மருந்தகம் நடத்தினார். அதோட தொடர்ச்சிதான் ரெய்னி ஆஸ்பத்திரி.

9/ ஆளும் கம்பெனிக்காரங்க தங்களுக்காகக் கட்டின ஆலயம்தான். அதை மறைக்க வேண்டாம். ஆனா அதோட நிழலில் தொடங்கின பள்ளி, சில பையன்களுக்காக மத்த எல்லாரையும் இழக்கத் தயாரா நின்னுச்சு. என்னைக் கேட்டா 150 கிணறுகளைவிட அதுதான் பலமான அஸ்திவாரம்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா உள்ளே போய்ட்டு வாங்க. முதல்ல தலையைத் தூக்கிப் பாருங்க, அப்புறம் தரையைப் பாருங்க.