நஞ்சைக் குறைத்த நாடு

விசுவமடு உழவர் வாழும் பூமி. பயிரைக் காக்க வாங்கிய கிருமிநாசினியே வீட்டாரின் உயிரைக் குடித்த துயரத்தை இலங்கையின் உழவூர்கள் நன்கறியும். 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். 1984 முதல் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாய்த் தடைசெய்யப்பட்டன. 1998இல் தற்கொலை முயற்சி குற்றமன்றெனச் சட்டம் திருத்தப்பட்டது. 1995க்குப் பின் 20 ஆண்டுகளில் அச்சாவு வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது, விளைச்சலோ குன்றவில்லை.

சாகத் தூண்டும் வேகம் பெரும்பாலும் சிறுபொழுதில் தணிவது. அவ்வேளை நஞ்சு கைக்கெட்டாதிருப்பின் உயிர் தங்கும். கேட்குஞ் செவியொன்று வாய்ப்பின் மனமும் தேறும். 1974இல் தோன்றிய சுமித்திரயோ அமைப்பு அச்செவியாயிற்று. இன்று 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் மனநல உதவி கிடைக்கிறது. போரில் உற்றாரை இழந்த வன்னி மண்ணில், அயலார் துயருக்குச் செவிசாய்ப்பதும் உயிர்காக்கும் தொண்டேயாம்.