துணி மூட்டையும் கல்லூரிப் பிள்ளைகளும்

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சென்னிமலையில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு எங்கள் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் இந்த ஆண்டு விளம்பர வேலை பார்க்கிறார்கள். போஸ்டர், ரீல்ஸ், வாட்ஸ்அப் கேட்லாக், கல்லூரி வாசலில் ஒரு கடை. பாடத்திட்டத்தில் புதிதாக நுழைந்த சங்கதி இது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். படிக்கிற பிள்ளைகள் நெசவாளியின் துணியைச் சுமந்துபோய் விற்கும் வழக்கத்துக்கு இந்த நாட்டில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் கதை தெரியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1902இல் சதீஷ் சந்திர முகர்ஜி அங்கே டான் சொசைட்டி என்ற மாணவர் அமைப்பைத் தொடங்கினார். பாடப்புத்தகத்துக்கு வெளியே நாட்டைப் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த அமைப்பு உள்நாட்டுப் பொருள்களுக்கு ஒரு கடையும் நடத்தியது. அதைக் கவனித்துக்கொண்டவர்கள் மாணவர்கள். வங்கப் பிரிவினைக்கும் முந்தைய செய்தி இது. போராட்டச் சூடு கிளம்புவதற்கு முன்பே, சரக்கைக் கொள்முதல் செய்து, விலை போட்டு, கணக்கு எழுதப் பழகிய ஒரு கூட்டம் அங்கே உருவாகியிருந்தது. வணிகவியல் ஆசிரியைக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள் மறுப்புத் தீர்மானம் நிறைவேறியது. (தேசியக் கைத்தறி நாள் ஆகஸ்ட் 7இல் வருவது அதனால்தான்.) மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அக்டோபரில் அரசுச் செயலர் கார்லைல் பெயரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களை அடக்காத பள்ளி, கல்லூரிகளுக்கு மானியம் நிற்கும், உதவித்தொகை போகும். தேவைப்பட்டால் ஆசிரியர்களையே சிறப்புக் காவலர்களாக நியமிப்போம் என்றது. அதற்குப் பதிலடியாக நவம்பரில் சுற்றறிக்கை எதிர்ப்புச் சங்கம் பிறந்தது. தலைவர் கிருஷ்ண குமார் மித்ரா, செயலர் சசீந்திர பிரசாத் போஸ். ஊர்வலம், பாட்டு எல்லாம் உண்டு. கூடவே நாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக விற்றார்கள். படிப்பே போகலாம் என்ற நிலையில் செய்த விற்பனை அது.

அந்த விற்பனைக்கு ஒரு இருண்ட பக்கமும் இருந்தது. உள்நாட்டுத் துணி விலை கூடுதல், கிடைப்பதும் குறைவு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வாங்கச் சொன்ன துணியை ஏழைக் குடியானவரால் வாங்க முடியவில்லை. மலிவான மான்செஸ்டர் துணியை விற்றுப் பிழைத்த சில்லறை வியாபாரிக்கோ பிழைப்பே போனது. தொடக்கத்தில் சுதேசி இயக்கத்தின் முன்வரிசையில் நின்ற தாகூர் பிறகு விலகிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1916இல் வெளிவந்த அவருடைய ‘கரே பாய்ரே’ நாவலில், நிகில் என்ற ஜமீன்தாரின் சந்தையில் அந்நியத் துணியைத் தடுக்கச் சொல்லி மாணவர்கள் வந்து நிற்கிறார்கள். பஞ்சு என்ற ஏழை வியாபாரியின் துணி மூட்டை எரிக்கப்படுகிறது. விளம்பரம் என்பது வற்புறுத்தலாக மாறும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

தெற்கே அந்தச் சுதேசிக் காற்று சீக்கிரமே வந்துவிட்டது. 1906 அக்டோபரில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். 1907இல் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் தென்னாட்டுக்கு வந்தார். ராஜமுந்திரிக் கல்லூரியில் வந்தே மாதரம் பட்டை அணிந்த மாணவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மே மாதம் சென்னைக் கடற்கரையில் பாரதியும் நண்பர்களும் ஏற்பாடு செய்த அவருடைய கூட்டங்களுக்குப் பெருந்திரளாக வந்தவர்களும் மாணவர்களே.

ஆனால் தமிழ்நாட்டில் மூட்டை தூக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் பரவியது கதர்க் காலத்தில்தான். எங்கள் ஈரோட்டுப் பெரியார், காங்கிரசில் இருந்தபோது கதரைத் தோளில் சுமந்து விற்றவர். 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் ஏற்பட்டதும் அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூர் தலைமையிடமானது. இன்று பனியனுக்குப் பேர்போன ஊரிலிருந்து அன்று கதர் கட்டுக்கட்டாக வெளியூர் போனது.

என் அப்பாரு (தாத்தா) அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பையன். காந்தி ஜெயந்தி வாரம் வந்தால் கதர்க் கடையிலிருந்து மூட்டையைக் கணக்கு வைத்து வாங்கிக்கொண்டு வாத்தியாரோடு ஊர் ஊராகப் போவாராம். விற்றது போக மிச்சத்தைச் சாயந்திரம் திருப்பித் தர வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன ஒரு சங்கதி எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி வேட்டியைக் கையில் எடுத்து, கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏஞ் சாமி, இது துவைச்சா எத்தனை சுருங்கும்?” என்று கேட்டிருக்கிறார். அப்பாரு தேசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். “அதெல்லாஞ் சரிங்கண்ணு, சுருங்குறதச் சொல்லு.” பதில் தெரியவில்லை, பாட்டி வாங்கவில்லை. அன்று ராத்திரியே ஒரு முழம் துணியைத் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டு அளந்து பார்த்தாராம் அப்பாரு. அடுத்த ஆண்டிலிருந்து அளவைச் சொல்லி விற்றார். ‘இன்னும் அரை முழம் கூட்டி நெய்யச் சொல்லுங்கள்’ என்று கதர்க் கடையில் சொல்லியும் பார்த்திருக்கிறார்.

இந்த வழக்கத்தில் உயிரானது அந்தத் திரும்பி வந்து சொல்கிற வேலைதான் என்று நினைக்கிறேன். சரக்கு போகிற வழியிலேயே செய்தியும் திரும்பி வர வேண்டும். தறிக்காரர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். வாங்குபவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை. நடுவில் இருக்கும் வியாபாரிக்கு அந்தச் செய்தி தெரியும், ஆனால் அதுதான் அவருடைய முதல், சொல்ல மாட்டார்.

கதர் இயக்கமே இன்னொரு பாடத்தைக் கசப்போடு கற்றது. மில் துணியோடு போட்டி போட விலையைக் குறைத்துக் குறைத்து விற்றார்கள். விலை குறைந்ததன் பாரம் போய் இறங்கியது ராட்டை சுற்றிய பெண்களின் கூலியில். நாள் முழுக்க நூற்றாலும் அவர்களுக்குக் கிடைத்தது சில காசுகள். 1935இல் காந்தி இதைக் கையில் எடுத்தார். எட்டு மணி நேரத்துக்கு எட்டணாவாவது கூலி வேண்டும் என்பது அவர் விருப்பம். அது நடைமுறைக்கு வராவிட்டாலும், குறைந்தபட்சக் கூலி என்ற கொள்கையை நூற்போர் சங்கம் ஏற்றது. கதர் விலை ஏறியது. விற்பனை படுத்துவிடும் என்று ஊழியர்களே பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஒரு பொருளை யார் வயிற்றில் அடித்து மலிவாக்கினோம் என்று தன் கணக்கைத் தானே திறந்து பார்த்த விற்பனை அமைப்பு இந்த நாட்டில் அபூர்வம். அதற்காக அவர்களை மிகவும் மதிக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு கைத்தறித் துணி தேங்கிப் போனபோது மூட்டை மறுபடி தோளுக்கு ஏறியது. 1953 ஜனவரியில் தி.மு.க.வினர் தெருத்தெருவாகக் கைத்தறி விற்றார்கள். திருச்சியில் அண்ணாவே துணியைச் சுமந்து கூவி விற்றார். அன்றைய முதலமைச்சர் ராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே என்று ஒதுக்கச் சொல்லி மத்திய அரசிடம் வாதாடினார். இரு துருவங்களும் நெசவாளிக்காகப் பேசிய நேரம் அது. அந்த ஆண்டே மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்பிடி வீதம் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் திருப்பிவிட்டார்கள். 1935இலேயே தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் ஊருக்கு ஊர் கடை திறந்தது. கடைகள் வந்தபின் மூட்டை தூக்கும் மாணவருக்கு வேலை இல்லாமல் போனது. பாட்டியின் கேள்வியைத் தறிக்குக் கொண்டுபோகும் வழியும் அதோடு குறுகியது.

இப்போது சென்னிமலை. எங்கள் பிள்ளைகள் முதலில் போட்ட போஸ்டரில் ‘நெசவாளரை வாழ வைப்போம்’ என்று எழுதியிருந்தது. பரிதாபத்துக்கு ஒருமுறை வாங்குவார்கள், மறுமுறை வாங்க மாட்டார்கள் என்று சொல்லித் தறிக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கே ஒரு பெரியவர் போர்வையின் கரையை விரித்துக் காட்டியிருக்கிறார். நெய்யும்போது துணி அகலம் குறுகாமல் இழுத்துப் பிடிக்க ஒரு கழி மாட்டுவார்கள். அதன் முனையில் ஊசி இருக்கும். ஊசி குத்திய சின்னச் சின்னத் துளைகள் இரு கரையிலும் ஓடும். கழியைக் கையால் நகர்த்தி நகர்த்தி மாட்டுவதால் துளைகளின் இடைவெளி ஒரே சீராக இருக்காது. “இதப் பாத்து வாங்கச் சொல்லுங்க கண்ணு, விசைத்தறித் துணியக் கைத்தறின்னு தள்ளிவிட முடியாது” என்றாராம். 1985ஆம் ஆண்டுச் சட்டம் போர்வை, ஜமக்காளம் போன்றவற்றைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருந்தும் சந்தையில் விசைத்தறிச் சரக்கு கலக்கிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் எடுத்த முதல் நல்ல வீடியோ அந்தத் துளைகளைப் பற்றியதுதான். கல்லூரி வாசல் கடையில் வாங்க வந்தவர்கள் கரையைத் தடவிப் பார்த்ததை நானே பார்த்தேன்.

கடையில் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிச் சங்கத்துக்குக் கொடுக்கிறார்கள். ‘ஹாஸ்டல் கட்டிலுக்கு ஒற்றைப் போர்வை சின்ன அளவில் வேண்டும்’ என்பது அதிகம் வந்த கேள்வி. சங்கம் அந்த அளவில் பாவு போட ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுத்ததாக, ஒவ்வொரு போர்வையிலும் தொங்கும் அட்டையில் நூல் ரகத்தோடு நெய்தவருக்குக் கொடுத்த கூலியையும் அச்சிட வேண்டும் என்று ஒரு மாணவி எழுதிக் கொடுத்தாள். நிர்வாகக் குழுவில் சிலருக்கு அதில் தயக்கம்: கூலியைப் பார்த்தால் வியாபாரிகள் பேரம் பேசுவார்கள் என்கிறார்கள். தறிக்காரர்களில் பலர் போடட்டும் என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுகிறார்கள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். 1935 கணக்கை எடுத்துக்கொண்டு போகிறேன், அந்த மாணவி பக்கம் பேச.